அடிப்பதற்கும் கல்வி வேண்டும்

தமிழிலே ‘அடி’ என்னுஞ் சொல் பல பொருள் குறித்த ஒரு சொல். நிற்கும் பாதமும் அடி. நிலத்தை அளக்கும் அளவும் அடி. ஒருவர்மேல் விழுந் தாக்கும் அடி. செய்யுளின் வரியையும் மரத்தின் வேர்ப்புறத்தையும் அச்சொல்லே குறிக்கின்றது. எனினும், முதலிற் கூறிய மூன்று பொருள்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால், சண்டைக்கலை ஒன்றின் பாடத்திட்டமே அவற்றுள் அடங்கியிருத்தல் புலனாகும். பாதம் முதலாவது, தூரம் இரண்டாவது, தாக்கு மூன்றாவது. இவ்வொழுங்கை மாற்றிக் கற்பவன் கையையுங் காலையும் வீசக் கற்பானேயன்றி அடிக்கக் கற்கமாட்டான்.

எமது மாணாக்கருள் ஒரு சாரார், கைத்தொலைபேசித் திரையிற் காணும் ‘எம். எம். ஏ.’ என்னுங் கலப்புத் தற்காப்புக் கலையில் இன்று பெருவிருப்பங் கொண்டுள்ளனர். இடைவேளையில் வகுப்பறைத் தூணை உதைத்துப் பார்ப்பாரும், சுவரிற் குத்தி விரல் வீங்கி வருவாரும் உளர். பெற்றோரோ இதனை முரடர் தொழிலென்று முகஞ்சுளிக்கின்றனர். இந்த விருப்பு வெறுப்பு இரண்டும் பெரும்பாலும் பொருளை அறியாமையாற் பிறப்பன. இக்கலையில் அடித்தல் என்பது யாது, அஃது எவ்வாறு கற்கப்படுகின்றது, கற்பவன் எதனைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என்பவற்றை இரு சாராருக்கும் பயன்படுமாறு ஈண்டுக் கூற முயல்வோம்.

கலப்பு வந்த கதை

குத்தும் உதையும் மற்போரும் ஒன்றாகக் கலந்த போட்டி மிகப் பழையது. கிரேக்கர் தமது ஒலிம்பியா விழாவிற் கிறித்துவுக்கு முன் 648ஆம் ஆண்டில் ‘பங்கிராத்தியன்’ என்னும் போட்டியைச் சேர்த்தனர். கடித்தலும் கண்ணைத் தோண்டுதலுமே அதில் விலக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் இக்கலைகள் தனித்தனியே பிரிந்து வளர்ந்தன. இங்கிலாந்திற் குத்துச்சண்டை, யப்பானில் யூடோவும் கராத்தேயும், தாய்லாந்தில் முவே தாய், பிறேசிலில் யுயுற்சு என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விதிமுறையையும் ஒரு நிலையையும் அமைத்துக்கொண்டது. எது சிறந்தது என்ற வாதம் மட்டும் ஓயாது நடந்துவந்தது.

அவ்வாதத்துக்கு ஒரு விடையாக, 1993ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆந் திகதி, அமெரிக்காவின் டென்வர் நகரில் எட்டு வீரர் ஒரே இரவில் மோதினர். நிறைப்பிரிவும் இல்லை, புள்ளி வழங்கும் மத்தியத்தரும் இல்லர். ஆட் ஜிமர்சன் என்னுங் குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டுங் கையுறை அணிந்து வந்தார். பிறேசில் நாட்டு றொயிஸ் கிறேசி அவரை நிலத்தில் வீழ்த்தி மேலேறி அமர்ந்ததும், பயன்படத்தக்க குத்தொன்றைத்தானும் விடாத நிலையிலேயே அவர் தோல்வியை ஏற்றார். அவ்விரவு மூவரை வென்றவர் கிறேசியே. நிற்கும்போது மட்டும் அடிக்கத் தெரிந்தவன், நிற்கவிடாத பகைவன்முன் ஆயுதமிழந்தவனாவான் என்பதை உலகங் கண்டது.

அதனால் அடிக்குங் கலை அழிந்துவிடவில்லை. அது புதிதாகப் படிக்கத் தொடங்கியது. 1997ஆம் ஆண்டு யூலை மாதத்தில், உதைச் சண்டையிலே தேர்ந்த மொறிஸ் சிமித், மற்போர் வல்லவரான மார்க் கோல்மனை எதிர்த்து நின்றார். கோல்மன் அவரைக் கீழே வீழ்த்தவே செய்தார். சிமித்தோ கீழ்க்கிடந்து தம்மைக் காத்தல், மீண்டும் எழுதல் என்னும் இரண்டையும் முன்னரே பயின்றிருந்தார். கோல்மன் களைத்த பின்னர் எழுந்து நின்று, குத்தாலும் உதையாலும் ஆட்டத்தைத் தம்வசமாக்கி வாகை சூடினார். அடிக்கும் ஒருவன் வீழாதிருக்கவும் வீழ்ந்தால் எழவுங் கற்றாலன்றி அவனது அடி பயன்படாது. இதுவே கலப்புக் கலை மற்றைக் கலைகளோடு சேர்த்த புதுப்பாடம்.

முதலாவது: பாதம்

அடி கையிற் பிறக்கின்றதென எண்ணுவது இயல்பு. உண்மையில் அது நிலத்தை மிதிக்கும் பாதத்திற் பிறந்து, முழங்கால், இடுப்பு, தோள் என்னும் வழியே ஏறி, முட்டியில் முடிகின்றது. பின்பாதம் நிலத்தைத் தள்ள, இடுப்பு சுழல, தோள் அதனைத் தொடர, கை இறுதியில் விடுபடுகின்றது. கிணற்றில் நீர் அள்ளுபவன் புயத்தால் மட்டும் இழுத்தால் விரைவிற் களைப்பதும், முழு உடம்பையுஞ் சாய்த்து இழுத்தால் எளிதாவதும் நாம் கண்டதே. 1919 தொடக்கம் 1926 வரை பாரநிறை உலக வீரராய் விளங்கிய ஜாக் டெம்சி, 1950இல் வெளியிட்ட தமது நூலில் உடம்பின் பாரத்தை எவ்வாறு இயங்கவைத்து முட்டிக்குக் கொணர்வது என்பதையே விரிவாகப் போதித்தார்.

ஆதலின், முதற்பாடம் நிற்பது. பாதங்கள் தோளகலத்துக்குச் சற்று அதிகமாக விலகியிருக்க, ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக நிற்றல் வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் இருத்தலாகாது. இருப்பின் பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளலும் வீழ்த்திவிடும். முழங்கால் சிறிது மடிந்திருக்கும். பின்குதிகால் இலேசாக உயர்ந்திருக்கும். நாடி மார்பை நோக்கித் தாழ்ந்திருக்கும்; கைகள் கன்னத்தருகிலும் முழங்கைகள் விலாவைக் காத்தும் நிற்கும். குத்துச்சண்டை வீரன் பக்கவாட்டாகத் திரும்பி நிற்பதுண்டு. கலப்புக் கலையிலோ அவ்வாறு நின்றால் முன்கால் உதைக்கும் பற்றுதலுக்கும் எளிதாக அகப்படும். எனவே உடம்பு சற்று நேராகவும் இடுப்புச் சிறிது தாழ்ந்தும் இருத்தல் நன்று.

பின்னர் நகர்தல். முன்னே செல்ல முன்பாதம் முதலில். பின்னே செல்லப் பின்பாதம் முதலில். இடப்புறம் செல்ல இடப்பாதம் முதலில். மற்றது அதனைத் தொடர்ந்து வந்து பழைய அகலத்தை மீட்கும். கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடலாகா. கேட்பதற்கு எளிதாகிய இவ்விதி உடம்பிற் படிய மாதங்கள் செல்லும். தொடக்கத்தில் ஒரு குத்துமின்றி நகர்தலையே பழக்குவிக்கும் ஆசிரியர்மீது மாணவன் சினங்கொள்ளுதல் வழக்கம். நெடுங்கணக்கைக் கற்பிக்காது காவியத்தைக் கற்பிக்குமாறு கேட்பவன் சினமும் அத்தகையதே.

இரண்டாவது: தூரம்

அடி என்னும் அளவை அறியாதவனுக்கு அடி என்னுந் தாக்கு வாய்க்காது. எட்டாத இடத்திலிருந்து விடுங் குத்து வீண். மிக நெருங்கிய இடத்திலிருந்து விடுங் குத்து வலிவிழக்கும். கலப்புக் கலையிலோ தூரங்கள் பல. உதை எட்டுந் தூரம் ஒன்று. குத்து எட்டுந் தூரம் ஒன்று. முழங்கையும் முழங்காலும் எட்டுந் தூரம் ஒன்று. பற்றி வீழ்த்துந் தூரம் ஒன்று. ஒவ்வொரு தூரத்திலும் ஆளுங் கலை வேறாகின்றது.

தூரம் ஒருவரது திறமையை எவ்வாறு செயலற்றதாக்கும் என்பதற்கு 1976ஆம் ஆண்டு யூன் 26இல் தோக்கியோவில் நடந்த ஆட்டம் நல்லதோர் உதாரணம். உலகக் குத்துச்சண்டை வீரர் முகமது அலி, யப்பானிய மற்போர் வீரர் அந்தோனியோ இனோக்கியை எதிர்த்தார். பதினைந்து சுற்றுக்களின் பெரும்பகுதியை இனோக்கி நிலத்திற் கிடந்தவாறே அலியின் கால்களை உதைப்பதிற் கழித்தார். தரையிற் கிடப்பவனைக் குத்துவதற்கு அலியின் கைகள் எட்டவில்லை. உலகம் வியந்த அக்கைகள் அன்று விட்ட குத்துக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அலியோ காலிற் பட்ட காயங்களுக்காக வைத்தியம் பெற நேர்ந்தது. பார்த்தோர் ஏமாற்றம் அடைந்தனரெனினும், தூரம் பற்றிய பாடத்தை அதனினுந் தெளிவாகக் கற்பித்த ஆட்டம் வேறொன்றில்லை.

தூரத்தைத் தன்வசம் வைத்திருப்பவன் பெறும் பயனை 2015ஆம் ஆண்டு நவம்பரில் மெல்போண் நகரில் இரு பெண்கள் காட்டினர். றொண்டா றௌசி 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் யூடோவிற் பதக்கம் பெற்றவர். அதுவரை தோல்வி காணாதவர். ஹொலி ஹோமோ குத்துச்சண்டையிற் பட்டம் வென்றவர். றௌசி நேராகப் பாய்ந்து பாய்ந்து வந்தார். ஹோம் பின்வாங்காது பக்கவாட்டில் வட்டமிட்டு, வருபவர் முகத்தில் இடக்கையாற் குத்தி மீண்டும் விலகினார். இரண்டாஞ் சுற்றில் நிலைதடுமாறி எழுந்த றௌசியின் கழுத்திற் பட்ட இடக்கால் உதை ஆட்டத்தை முடித்தது. அவ்வுதையைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். அதற்கு இடஞ்செய்தவை அதற்கு முன்னர் எடுத்துவைத்த நூற்றுக்கணக்கான சிறு எட்டுக்களே.

மற்போர் வீரன் குனிந்து கால்களைப் பற்ற வருவது அடிப்பவனுக்கு எப்போதும் உள்ள ஆபத்து. குத்துக்களைத் தொடர்ச்சியாக நீட்டிக்கொண்டு முன்னே சாய்பவனையே அவன் எதிர்பார்த்திருப்பான். ஆகவே இரண்டு மூன்று குத்துக்களுடன் நிறுத்திப் பக்கவாட்டில் விலகுதல் இங்கு மரபு. பற்றிவிட்டானாயின், இரு கால்களையும் பின்னே எறிந்து இடுப்பை அவன் தோள்மீது பாரமாக இறக்குதல் வேண்டும். இதனை ‘ஸ்ப்றோல்’ என்பர். குத்தை எத்துணை முறை பயில்கின்றோமோ அத்துணை முறை இதனையும் பயிலல் வேண்டும்.

மூன்றாவது: தாக்கு

பாதமும் தூரமும் அமைந்த பின்னரே தாக்கு. முட்டியை மடக்கும்போது பெருவிரல் வெளியே, ஏனைய விரல்களின்மேல் அமர்தல் வேண்டும். உள்ளே மறைத்தால் அது முறியும். மணிக்கட்டு வளையாது முன்கையோடு நேராயிருக்கும். சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய இரண்டின் மொழியே இலக்கிற் படுதல் நன்று. சுண்டுவிரற் பக்கத்தாற் குத்துவோருக்கு அவ்விரலின் அடியிலுள்ள உள்ளங்கை எலும்பு முறிதல் மிகச் சாதாரணம். சுவரைக் குத்தும் மாணவரும் பெரும்பாலும் அவ்வெலும்பையே முறித்துக்கொள்கின்றனர்.

குத்துக்கள் நான்கு. முன்கையால் நேரே நீட்டும் ‘ஜாப்’; பின்கையால் இடுப்பைச் சுழற்றி விடும் ‘குறொஸ்’; முழங்கையை மடக்கிப் பக்கத்தால் வரும் ‘ஹூக்’; கீழிருந்து நாடிக்கு எழும் ‘அப்பர்கட்’. இவற்றுள் முதலாவதே தலையாயது. அது தூரத்தை அளக்கும்; பகைவன் கண்ணை மறைக்கும்; அடுத்த குத்துக்கு வழி திறக்கும். எக்குத்தாயினும் சென்ற வழியே விரைந்து கன்னத்துக்கு மீளுதல் வேண்டும். ஒரு கை செல்லும்போது மற்றைக் கை முகத்தைக் காத்து நிற்றல் வேண்டும். விடுங்கணத்தில் மூச்சை வெளியே விடுதல் உடம்பை இறுக்கத்தினின்றுங் காக்கும்.

முவே தாய்க் கலையை எட்டு ஆயுதங்களின் கலை என்பர். முட்டி, முழங்கை, முழங்கால், கீழ்க்கால் ஆகிய நான்கும் இவ்விரண்டாய் எட்டாகின்றன. அதன் சுழலுதை இன்று கலப்புக் கலையிற் பெரிதும் வழங்குகின்றது. பாதத்து விரல்களால் உதையாது கீழ்க்காலின் முன்னெலும்பால் உதைப்பர். நிற்குங் காலின் பாதம் வெளிப்புறமாகத் திரும்பினாலன்றி இடுப்புச் சுழலாது. இடுப்புச் சுழலாவிடின் வலிமை பிறவாது. முழங்காலும் முறுகி நோகும். எனவே உதையின் வலிமையும் உதையாத காலின் பாதத்திலேயே தங்கியுள்ளது.

உதைக்கு ஒரு விலையும் உண்டு. உதைப்பவன் அக்கணம் ஒற்றைக்காலில் நிற்கின்றான், பற்றப்படின் வீழ்வான். எதிரி முழங்காலை உயர்த்தித் தன் கீழ்க்காலின் வலிய மேற்பகுதியாற் றடுப்பின், உதைத்தவன் காலே முறியலாம். 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தர்சன் சில்வா உதைத்தபோது கிறிஸ் வைட்மன் அவ்வாறு தடுத்தார்; சில்வாவின் கீழ்க்கால் முறிந்தது. 2021ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதே வைட்மன், ஆட்டந் தொடங்கி 17 செக்கன்களுக்குள், தாம் உதைத்த உதை தடுக்கப்பட்டதாற் றமது கால் முறிந்து வீழ்ந்தார். இருவரும் உலகப் பட்டம் பெற்ற வல்லுநர். முன்னே ஒரு குத்தாலோ ஒரு பாசாங்காலோ எதிரியின் கவனத்தை மேலே ஈர்க்காது வெறுமனே விடும் உதை எத்துணை வல்லுநருக்கும் ஆபத்தானது என்பதற்கு இவற்றின் மேல் சான்று வேண்டுவதில்லை.

தலையைக் காப்பது எவ்வாறு?

இனிப் பெற்றோர் ஊன்றி நோக்கவேண்டிய பகுதிக்கு வருவோம். குத்துச்சண்டை எமது தீவுக்குப் புதிதன்று. 1938ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுக்களில் இலங்கைக்குப் பொற்பதக்கந் தந்தவர் பார்ணி ஹென்றிக்கஸ் என்னுங் குத்துச்சண்டை வீரரே. ஆயினும் அன்று தெளிவாக அறியப்படாத ஒன்றை இன்று நாம் அறிவோம்.

நாடியிற் குத்து விழும்போது தலை திடீரெனத் திரும்புகின்றது. மண்டையோட்டுக்குள் மிதக்கும் மூளை குலுங்கி முறுக்கப்படுகின்றது. நினைவு தப்புதல் அதனால் நிகழ்வதே. தசையும் எலும்பும் பயிற்சியால் வலுப்பெறும்; மூளை அடி வாங்கிப் பழகி வலுப்பெறுவதில்லை. நியூ ஜேர்சியைச் சேர்ந்த ஹரிசன் மார்த்லண்ட் என்னும் வைத்தியர், குத்துச்சண்டைக்காரர் சிலர் நாளடைவில் நடைதளர்ந்து, சொற்குழறி, அறிவு மழுங்கும் நிலையை 1928ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் எழுதினார். நினைவை இழக்கச் செய்யாத சிறு குத்துக்களும் ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து தீங்கு செய்வன என்பது பின்வந்த ஆராய்ச்சிகளின் முடிவு. அவற்றுட் பெரும்பாலானவை விழுவது மேடையிலன்று, பயிற்சிக்கூடத்திலேயே.

கையுறை தலையைக் காக்கும் என்பது பலரது நம்பிக்கை. 1867ஆம் ஆண்டின் குயின்ஸ்பெரி விதிகள் குத்துச்சண்டையிற் கையுறையைப் புகுத்தின. அது முதன்மையாகக் காப்பது குத்துபவன் விரல்களையே. வெறுங்கையாற் றலையிற் குத்துபவன் தன் கை முறியுமென அஞ்சுவான். கையுறை அவ்வச்சத்தை நீக்குகின்றது. கலப்புக் கலைப் போட்டியில், பற்றுவதற்கு வாய்ப்பாக, விரல் திறந்த நான்கு அவுன்சுக் கையுறையே வழங்குகின்றது. பயிற்சியிற் பெரும்பாலும் பதினாறு அவுன்சுக் கையுறை அணிவர். தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும். மூளை குலுங்குவதைத் தடுக்கமாட்டாது.

2018ஆம் ஆண்டு நவம்பரில், தாய்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் முவே தாய்ப் போட்டியொன்றிற் றலையில் அடியுண்டு, மூளையில் இரத்தம் பெருகி இறந்தான். அவன் பயிற்சியற்ற பிள்ளையன்று. பல போட்டிகள் கண்டவன். வளரும் பருவத்துப் பிள்ளையின் தலையை இலக்காக்கும் போட்டி எதுவும் எம்மால் ஏற்கத்தக்கதன்று என்பதை ஒளியாது கூறுவோம்.

அவ்வாறாயின் இக்கலையை முற்றாக விலக்குவதா? வேண்டுவதில்லை. தலையில் அடிபடாமலே இதன் பெரும்பகுதியைக் கற்கலாம். எதிரி முன் நிற்பதாகப் பாவித்து வெறுவெளியிற் செய்யும் நிழற்பயிற்சி, பையிற் குத்துதல், ஆசிரியர் ஏந்தும் மெத்தையில் அடித்தல், கயிறடித்தல் என்பன உடம்பையும் ஒழுங்கையும் ஒருங்கே வளர்ப்பன. இருவர் எதிர்நின்று பழகும்போது தொடுமளவில் அடித்தலே போதும். தாய்லாந்தின் தேர்ந்த வீரர் பலர் தம்முள் விளையாட்டுப்போல மென்மையாகவே பழகுவர். வன்மையை அவர்கள் பைக்கும் மெத்தைக்கும் வைத்திருக்கின்றனர். கண்ணும் தூர உணர்வும் மென்மையான பழக்கத்திலேதான் கூர்மை பெறும். அடிக்கு அஞ்சிக் கண்மூடுபவன் எதனையுங் கற்பதில்லை.

பிள்ளையைப் பயிற்சிக்கூடத்திற் சேர்க்குமுன் பெற்றோர் ஒருநாள் சென்று ஓரமாக அமர்ந்து பார்க்கட்டும். புதியவனை முதல்வாரத்திலேயே பழகியவன்முன் நிறுத்துகின்றனரா? சிறுவரின் தலையிற் குத்த விடுகின்றனரா? தலையில் அடிபட்டவன் தலைவலி, வாந்தி, மயக்கம், குழப்பம், வெளிச்சத்தைத் தாங்காமை என்பவற்றுள் ஒன்றைக் கூறினால், ஆசிரியர் அவனை உடனே நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புகின்றாரா, “தாங்கிக்கொள்” என்கின்றாரா? முதற் குலுக்கம் ஆறுமுன் இரண்டாவது அடி படின் உயிருக்கே மோசம் வரலாம். ஆசிரியர் பெற்ற பதக்கங்களிலும் இவ்வினாக்களுக்கு அவர் தரும் விடையே பெரிதென மதித்தல் வேண்டும்.

மாணாக்கருக்கு ஒரு சொல். 2000ஆம் ஆண்டை ஒட்டி நியூ ஜேர்சியில் உருப்பெற்ற பொதுவிதிகள் பிடரியில் அடித்தல், முதுகந்தண்டில் அடித்தல், தொண்டையில் அடித்தல், வீழ்ந்தவன் தலையில் உதைத்தல் என்பவற்றைப் போட்டியிலேயே விலக்குகின்றன. நடுவரும் வைத்தியரும் அருகிருக்க, இருவரும் உடன்பட்டு மோதும் இடத்திலேயே இவ்வளவு கட்டுப்பாடு உண்டாயின், தெருவிலே எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்! தெருவில் மெத்தை இல்லை; குத்துண்டு வீழ்பவன் தலை கல்லிலேயே மோதும். தூரத்தை அளக்கக் கற்றவன் அதனை அங்கே முதலிற் பயன்படுத்தவேண்டியது விலகிச் செல்வதற்கே.

கற்கத் தொடங்குவோர் முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு சோதனையை மேற்கொள்க. ஒவ்வொரு குத்தின் பின்னும், ஒவ்வோர் உதையின் பின்னும், அசையாது நின்று தம் பாதங்களைக் குனிந்து பார்க்கட்டும். தொடங்கிய நிலையிலே அவை மீண்டும் அமைந்துள்ளனவா? கைகள் கன்னத்துக்கு மீண்டுள்ளனவா? ஆமெனின் அந்த அடி சரியானது. அன்றெனின், அது எவ்வளவு ஓசையோடு பையில் விழுந்ததாயினும், மீண்டும் முதலிலிருந்து செய்யவேண்டியதே.